அணைகளின் நீர்மட்டத்துக்குக் கணக்கு எழுதிய விஸ்வேஸ்வரய்யா

புது தில்லி, செப். 14: நாட்டின் முக்கிய அணைகளில் எவ்வளவு நீர் இருப்பு உள்ளது என்ற விவரத்தை மத்திய நீர் ஆணையம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெளியிட்டு வருகிறது. 150-க்கும் மேற்பட்ட நீர்த்தேக்கங்களின் முழு நீர்மட்டம், அன்றைய நீர்மட்டம், கடந்த ஆண்டு இதே காலத்தில் இருந்த இருப்பு, முந்தைய பத்தாண்டுகளின் சராசரி ஆகியவை அதில் அட்டவணையாக இடம்பெறுகின்றன. குடிநீர் வழங்கலும் பாசனத் திறப்பும் வெள்ள எச்சரிக்கையும் இந்த எண்களை நம்பியே தீர்மானிக்கப்படுகின்றன.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு நிலைமை இவ்வாறு இல்லை. ஆற்றின் மேற்பகுதியில் எவ்வளவு மழை பெய்தது, ஏரிகளில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது கீழே இருக்கும் நகரத்துக்குத் தெரியாது. அறியாமல் இருந்ததற்கு ஆயிரக்கணக்கான உயிர்களை விலையாகக் கொடுத்த நகரமும் உண்டு. மழையையும் ஆற்றையும் அணையின் நீர்மட்டத்தையும் ஒரே கணக்கில் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்தி, அதைச் செய்தும் காட்டியவர்களில் முதன்மையானவர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. அவர் பிறந்த செப்டம்பர் 15-ம் தேதி நாடு முழுவதும் பொறியாளர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மைசூர் மகாராஜாவின் திவான், கிருஷ்ணராஜசாகர் அணையின் சிற்பி, பாரத ரத்னா விருது பெற்றவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவர். அந்தப் பெருமைகளுக்கு அடியில் இருந்தது, ஒரு நீர்த்தேக்கம் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்ற ஒரே கேள்வியை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் துரத்திய உழைப்பு.

முத்தேனஹள்ளியிலிருந்து புணேவுக்கு:

இன்றைய கர்நாடகத்தின் சிக்கபள்ளாபூர் அருகே உள்ள முத்தேனஹள்ளி கிராமத்தில் 1861-ம் ஆண்டு விஸ்வேஸ்வரய்யா பிறந்தார். தந்தை ஸ்ரீநிவாச சாஸ்திரி சம்ஸ்கிருதப் புலமை மிக்கவர். முன்னோர் ஆந்திரப் பகுதியின் மோட்சகுண்டத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள். ஊரை விட்டு வந்தாலும் பெயரில் அந்த ஊர் ஒட்டிக்கொண்டது.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் தாய்மாமன் ஆதரவில் பள்ளிக் கல்வி கிடைத்தது. மத்தியக் கல்லூரியில் படித்தபோது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் செலவைத் தாமே சமாளித்தார். பட்டம் பெற்றபின் மைசூர் அரசின் உதவித்தொகை அவரைப் புணே அறிவியல் கல்லூரிக்கு அனுப்பியது. அங்கு 1883-ல் பொறியியல் தேர்வில் முதலிடம் பெற்றார். மறு ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் பணி கிடைத்தது.

முதல் பணியிடங்கள் நாசிக், காந்தேஷ் பகுதிகள். பாஞ்சரா ஆற்றின் குறுக்கே குழாய் வழியாக நீரை மறுகரைக்குக் கொண்டு செல்லும் வேலை இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. மழைக்காலம் தொடங்கியதும் வெள்ளமும் மணலும் சேர்ந்து வேலையைத் தடுத்தன. மழை முடியும்வரை பணியை ஒத்திவைக்கலாமா என்று அவர் மேலிடத்தில் கேட்டார். மேலதிகாரி அதை விரும்பவில்லை. பிறகு ஆற்றின் போக்கைப் பார்த்துப் பார்த்து அந்த வேலையை முடித்துக் கொடுத்தார். ஆறு மனிதர்களின் கால அட்டவணைப்படி நடக்காது என்பது அவருக்குக் கிடைத்த முதல் பாடம்.

சிந்துவின் மணலே வடிகட்டி:

1894-ல் அவர் சிந்து மாகாணத்தின் சுக்கூர் நகருக்கு அனுப்பப்பட்டார். இன்று பாகிஸ்தானில் உள்ள அந்த ஊர் அன்று பம்பாய் மாகாணத்துக்கு உட்பட்டது. சிந்து நதி ஊரை ஒட்டியே ஓடியது. ஆனால் நீர் கலங்கலாக இருந்ததால் அப்படியே குடிக்க இயலாது. வடிகட்டும் நிலையம் அமைக்கும் அளவுக்கு நகராட்சியிடம் பணம் இல்லை.

விஸ்வேஸ்வரய்யா ஆற்றுப் படுகையிலேயே கிணறு இறக்கினார். மணல் வழியே ஊறி வரும் நீர் தெளிந்து கிணற்றில் சேர்ந்தது. அங்கிருந்து அது குன்றின்மேல் இருந்த தொட்டிக்கு ஏற்றப்பட்டு, ஊருக்குக் குழாய்களில் பாய்ந்தது. 1895-ல் திட்டம் நிறைவேறியது. சூரத் நகரின் குடிநீர்ப் பணியும் அவர் கைக்கு வந்தது. 1906-ல் ஏடன் துறைமுக நகரின் குடிநீர், கழிவுநீர் வசதிகள் பற்றி ஆலோசனை கூறவும் அரசு அவரையே அனுப்பியது.

எட்டு அடி நீர்:

அவரது பெயரைப் பொறியியல் உலகில் நிலைநிறுத்தியது புணே அருகே முத்தா ஆற்றில் உள்ள கடக்வாஸ்லா அணை. அன்று அந்த நீர்த்தேக்கத்துக்கு ஃபைஃப் ஏரி என்று பெயர். புணே நகரம், கர்க்கி ராணுவக் குடியிருப்பு ஆகியவற்றின் குடிநீரும் முத்தா கால்வாய்ப் பாசனமும் அந்த அணையை நம்பி இருந்தன.

மழைக்காலத்தில் வெள்ளம் கலிங்கைத் தாண்டிப் பல அடி உயரத்துக்குப் புரண்டு ஓடி வீணாகும். கோடையில் அதே ஏரியில் நீர் போதாது. கலிங்கைச் சுவராக உயர்த்தினால் கூடுதல் நீரைச் சேமிக்கலாம். ஆனால் பெருவெள்ளம் வந்தால் நீர்மட்டம் அணையின் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிவிடும். உயர்த்தாமல் விட்டால் கோடையில் நகரம் தவிக்கும். வெள்ளத்துக்கு ஒரு மட்டம், வறட்சிக்கு ஒரு மட்டம் என இரண்டும் எதிரெதிராக நின்றன.

இதற்கு விடையாகவே தானியங்கி மதகுகளை விஸ்வேஸ்வரய்யா வடிவமைத்தார். எதிர் எடைகளால் சமன் செய்யப்பட்ட அந்தக் கதவுகள், நீர் குறித்த மட்டத்தை எட்டும்வரை மூடியே இருக்கும். மட்டம் அதைத் தாண்டியதும் நீரின் விசையாலேயே திறந்துகொண்டு உபரியை வெளியேற்றும். மட்டம் இறங்கினால் மீண்டும் மூடிக்கொள்ளும். நள்ளிரவில் வெள்ளம் வந்தாலும் மதகைத் திறக்க ஆள் ஓடி வர வேண்டியதில்லை.

1903-ல் இந்த மதகுகள் பொருத்தப்பட்டன. பழைய கலிங்கு மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 8 அடி உயரத்துக்கு நீரைத் தேக்க முடிந்தது. ஏரியின் கொள்ளளவு சுமார் 25 சதவீதம் கூடியது. புதிய அணை கட்டாமல், புதிதாக ஒரு கிராமத்தை அப்புறப்படுத்தாமல் கிடைத்த நீர் இது. வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். எனினும் அரசுப் பணியில் இருந்துகொண்டு செய்த வேலைக்கு உரிமைத்தொகை வாங்குவது முறையன்று எனக் கருதி அதை ஏற்க மறுத்துவிட்டார். குவாலியரின் டிக்ரா அணையிலும் பின்னர் கிருஷ்ணராஜசாகரிலும் இத்தகைய மதகுகள் இடம்பெற்றன.

தேக்கிய நீரைப் பங்கிடுவதிலும் அவர் கணக்குப் பார்த்தார். தக்காணத்தில் கால்வாய் நீர் கிடைத்தவர்கள் அளவின்றிப் பாய்ச்ச, கடைமடைக்காரர்கள் ஏங்கி நின்றனர். பாசனப் பரப்பைப் பிரித்து, பயிர்களைச் சுழற்சி முறையில் மாற்றி, குறித்த அளவு நீரை முறை வைத்து வழங்கும் தொகுதிப் பாசன முறையை நீரா கால்வாய்ப் பகுதியில் அவர் முன்வைத்தார். தொடக்கத்தில் எதிர்ப்பு எழுந்தபோதிலும், 1901 முதல் 1903 வரை செயல்பட்ட இந்தியப் பாசனக் கமிஷனின் கவனத்தை அது ஈர்த்தது.

மூசி ஆறு பொங்கிய நாள்:

1908-ல் பம்பாய் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று அவர் வெளிநாட்டுப் பயணம் சென்றிருந்தார். அந்த நேரத்தில்தான் ஹைதராபாதில் பேரழிவு நேர்ந்தது.

1908 செப்டம்பர் இறுதியில் மூசி ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெருமழை கொட்டியது. நகருக்குத் தெற்கே உள்ள ஷம்ஷாபாதில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலமும் 48 மணி நேரத்தில் 18.9 அங்குலமும் மழை பதிவானது. செப்டம்பர் 28-ம் தேதி ஆறு நகருக்குள் புகுந்தது. கரையோரக் குடியிருப்புகள் அடித்துச் செல்லப்பட்டன. பாலங்கள் இடிந்தன. அப்சல்கஞ்சில் ஒரு புளிய மரத்தின்மேல் ஏறித் தொங்கிய சுமார் 150 பேர் மட்டும் பிழைத்த கதை இன்றும் அந்நகரில் சொல்லப்படுகிறது. உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அந்த மரம் நெடுங்காலம் போற்றப்பட்டது. இறந்தோர் எண்ணிக்கை 10 ஆயிரம் முதல் 15 ஆயிரம் வரை என மதிப்பிடப்படுகிறது. பல்லாயிரம் பேர் வீடிழந்தனர்.

ஹைதராபாத் நிஜாம் மகபூப் அலி கானின் அரசு விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. 1909-ல் அவர் பொறுப்பேற்றார். அழிவின் காரணத்தைத் தேடி அவர் ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றார். நகருக்கு மேலே சுமார் 860 சதுர மைல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன. ஏறக்குறைய சதுர மைலுக்கு ஓர் ஏரி என்ற கணக்கு அது. அந்த ஏரிகளில் 221 உடைந்திருந்தன. மேலே உள்ள ஏரி உடைந்து அதன் நீர் அடுத்த ஏரியில் பாய, அது தாங்காமல் உடைந்து அதற்குக் கீழே உள்ளதையும் உடைத்தது. இப்படிச் சேர்ந்த வெள்ளமே நகரை வந்து தாக்கியது. உச்சக்கட்டத்தில் விநாடிக்கு 4.25 லட்சம் கன அடி நீர் பாய்ந்ததாக மதிப்பிடப்பட்டது.

ஏரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல நோக்கத்துடன் கட்டப்பட்டவை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே படுகையின் உறுப்புகளாகப் பார்த்து, எந்த ஏரியில் எவ்வளவு நீர், எந்தக் கலிங்கு எவ்வளவு தாங்கும் என்று கணக்கு வைத்திருந்தவர் எவரும் இல்லை. அண்டை மாகாணங்களின் மழைக் கணக்குகளையும் திரட்டி ஒப்பிட்ட விஸ்வேஸ்வரய்யா, இத்தகைய மழை எதிர்காலத்திலும் வரக்கூடும் என்ற முடிவுக்கு வந்தார். கரையை உயர்த்துவது மட்டும் தீர்வாகாது. வெள்ளத்தை நகருக்கு மேலேயே நிறுத்தி, ஆற்றின் கரைகள் தாங்கும் அளவுக்கு மெல்ல மெல்ல விட வேண்டும். இதற்காக மூசி ஆற்றிலும் அதன் கிளையான ஈசி ஆற்றிலும் இரண்டு நீர்த்தேக்கங்களை அவர் பரிந்துரைத்தார். நகரின் கழிவுநீர் வடிகால் திட்டத்தையும் ஆற்றங்கரைப் பூங்காக்களையும் அதனுடன் சேர்த்தே வகுத்தார்.

பரிந்துரையைப் பெற்ற நிஜாம் 1911-ல் காலமானார். அடுத்து வந்த உஸ்மான் அலி கான் காலத்தில் வேறு பொறியாளர்களின் மேற்பார்வையில் பணிகள் நடந்தன. மூசி ஆற்றின் உஸ்மான்சாகர் 1920-லும், ஈசி ஆற்றின் ஹிமாயத்சாகர் 1927-லும் நிறைவடைந்தன. வெள்ளத்தைத் தடுக்கக் கருதப்பட்ட ஏரிகளே நகரின் குடிநீர் ஆதாரமாகவும் ஆயின.

கடக்வாஸ்லாவில் எழுந்த அதே முரண்பாடு இங்கும் தொடர்ந்தது. வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் மழைக்காலத்தில் ஏரியில் காலியிடம் இருக்க வேண்டும். கோடையில் குடிநீர் தர வேண்டுமானால் அதே மழைக்காலத்தில் ஏரி நிரம்ப வேண்டும். இரண்டுக்கும் இடையே எந்த நாளில் எந்த மட்டம் என்று தீர்மானிப்பது அன்றாடம் அளந்து பார்த்தால் மட்டுமே இயலும். உஸ்மான்சாகரின் முழு நீர்மட்டம் 1,790 அடி, ஹிமாயத்சாகரின் முழு நீர்மட்டம் 1,763.50 அடி என்பவை ஹைதராபாதில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாளிதழ்களில் இடம்பெறும் எண்கள்.

காவிரியில் ஒரு கோடு:

1909 நவம்பரில் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் பதவியை விஸ்வேஸ்வரய்யா ஏற்றார். அப்போது மைசூருக்குக் காவிரியில் இரண்டு தேவைகள் இருந்தன. 1902 முதல் சிவசமுத்திரம் மின் நிலையம் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வழங்கி வந்தது. கோடையில் ஆற்று நீர் குறைந்தால் மின் உற்பத்தி குறையும். மண்டியா பகுதியின் மானாவாரி நிலங்களும் பாசனத்துக்குக் காத்திருந்தன. கண்ணம்பாடி அருகே பெரிய அணை கட்டினால் இரண்டும் நிறைவேறும் என்று அவர் திட்டமிட்டார். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஒப்புதலுடன் 1911-ல் பணி தொடங்கியது.

காவிரி மைசூருடன் முடிந்துவிடும் ஆறு அன்று. கீழே சென்னை மாகாணத்தின் தஞ்சை டெல்டா இருந்தது. 1892-ம் ஆண்டு உடன்பாட்டின்படி சென்னையின் இசைவு தேவைப்பட்டது. 41.5 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணையை மைசூர் கோரியது. சென்னை எதிர்த்தது. முதல் கட்டமாக 11 டி.எம்.சி. அளவுக்கே அனுமதி கிடைத்தது. ஆயினும் அடித்தளம் முழு உயர அணைக்கு ஏற்ற அகலத்தில் போடப்பட்டது. பின்னாளில் உயர்த்துவதற்கு வசதியாகச் செய்த ஏற்பாடு என்பது மைசூரின் நிலை. அனுமதியை மீறிய செயல் என்பது சென்னையின் வாதம்.

நீதிபதி எச்.டி. கிரிஃபின் தலைமையிலான நடுவர் மன்றம் 1914-ல் மைசூருக்குச் சாதகமான தீர்ப்பை வழங்கியது. சென்னை மாகாணம் மேல்முறையீடு செய்தது. நீண்ட பேச்சுக்குப் பிறகு 1924 பிப்ரவரியில் இரு அரசுகளும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அப்போது விஸ்வேஸ்வரய்யா மைசூர் அரசின் தலைமையில் இல்லை. எனினும் அந்த உடன்பாட்டின் மொழி அவர் வாழ்நாள் முழுவதும் பேசிய மொழியாகவே இருந்தது. கிருஷ்ணராஜசாகரில் ஆற்றுப் படுகையிலிருந்து 124 அடி உயரத்துக்கு மேல் நீர் தேக்கக்கூடாது என்று ஒரு கோடு வரையப்பட்டது. அதற்கேற்ற பயன்பாட்டுக் கொள்ளளவு 44.827 டி.எம்.சி.

அது மட்டுமன்று. திருச்சி அருகே மேலணையில் உள்ள அளவுகோல் குறித்த மட்டத்தைக் காட்டும் அளவுக்கு நீர் போய்ச்சேர்ந்த பிறகே மைசூர் தன் அணையில் நீரைத் தேக்கலாம் என்று விதிகள் வகுக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் அளவுகோல் மற்றோர் அணையின் மதகைக் கட்டுப்படுத்தியது. ஒரு படுகையை ஒரே கணக்காகப் பார்க்கும் முறை சட்ட வடிவம் பெற்றது. இதே உடன்பாட்டின் வழியே சென்னை மாகாணத்துக்கு மேட்டூர் அணை கட்டும் வாய்ப்பும் கிடைத்தது. அந்த அணை 1934-ல் நிறைவேறியது.

சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிச் சாந்தில் எழுந்த கிருஷ்ணராஜசாகர் 1930-களின் தொடக்கத்தில் முழுமை பெற்றது. மண்டியா கரும்பு விளையும் பூமியானது. கண்ணம்பாடி உள்ளிட்ட பழைய கிராமங்களும் வேணுகோபாலசுவாமி கோயிலும் நீரில் மூழ்கின. கடும் வறட்சியில் மட்டம் இறங்கிய ஆண்டுகளில் அந்தக் கோயில் வெளியே தெரிந்ததும் உண்டு.

திவான் பதவியும் விலகலும்:

1912 முதல் 1918 வரை விஸ்வேஸ்வரய்யா மைசூர் திவானாக இருந்தார். மைசூர் வங்கி, மைசூர் பல்கலைக்கழகம், பெங்களூர் பொறியியல் கல்லூரி ஆகியவை அக்காலத்தில் தோன்றின. பத்ராவதி இரும்பாலைக்கும் அப்போதுதான் வித்திடப்பட்டது. 1915-ல் ஆங்கிலேய அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது.

பதவி விலகல் கருத்து வேறுபாட்டின் விளைவு. அரசுப் பணிகளில் பிராமணர் அல்லாத பின்தங்கிய வகுப்பினருக்கு இடம் ஒதுக்குவது குறித்து ஆராய 1918-ல் லெஸ்லி மில்லர் தலைமையில் மகாராஜா குழு அமைத்தார். தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் கொண்ட திவானுக்கு இது ஏற்புடையதாக இல்லை. குழுவின் பரிந்துரைகள் பின்னர் மைசூரில் நடைமுறைக்கு வந்தன. கடைமடைக்கும் நீர் போய்ச்சேர வேண்டும் என்று கால்வாயில் போராடியவர், வேலைவாய்ப்பில் அதே நியாயத்தை ஏற்கத் தயங்கினார் என்ற விமர்சனம் அவர்மீது உண்டு.

மகாநதி முதல் கங்கை வரை:

ஓய்வு என்பது அவர் அகராதியில் இல்லை. 1930-களில் ஒரிசாவில் மகாநதியின் வெள்ளம் டெல்டாவை அடிக்கடி அழித்து வந்தது. ஆலோசனை கேட்கப்பட்ட விஸ்வேஸ்வரய்யா, ஆற்றின் மேற்பகுதியில் நீர்த்தேக்கங்கள் அமைப்பது குறித்து விரிவான ஆய்வு தேவை என்று தெரிவித்தார். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக எழுந்த ஹிராகுட் அணையை 1957 ஜனவரியில் பிரதமர் நேரு திறந்து வைத்தார். பிகாரில் கங்கையின் குறுக்கே பாலம் அமைப்பதற்கான இடத்தை ஆராயும் பொறுப்பு வந்தபோது அவருக்கு 90 வயது கடந்திருந்தது. மொகாமா அருகே அமைந்த அந்தப் பாலம் 1959-ல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் தேவை என்று 1934-லேயே நூல் எழுதியவர் அவர். 1955-ல் ஜவாஹர்லால் நேரு, பகவான் தாஸ் ஆகியோருடன் அவருக்கும் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

இடிந்த அணை:

அவரது வாழ்வின் கடைசி ஆண்டில், அவர் புகழ் தொடங்கிய இடத்திலேயே ஒரு துயரம் நிகழ்ந்தது. கடக்வாஸ்லாவுக்கு மேலே பான்ஷெட் என்ற இடத்தில் புதிய மண் அணை கட்டப்பட்டு வந்தது. பணிகள் முழுமை பெறாத நிலையிலேயே மழைக்கால நீர் அதில் தேங்கியது. கரை சரியத் தொடங்கியபோது ராணுவ வீரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கி இரவெல்லாம் போராடினர். 1961 ஜூலை 12-ம் தேதி பான்ஷெட் உடைந்தது. அந்த வெள்ளம் கடக்வாஸ்லா அணையின் மேல் புரண்டு அதையும் உடைத்துக்கொண்டு புணே நகருக்குள் பாய்ந்தது. ஏராளமானோர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன.

மூசியில் மேல் ஏரி கீழ் ஏரியை உடைத்ததுபோலவே முத்தாவிலும் மேல் அணை கீழ் அணையை உடைத்தது. தன் மட்டத்தை மட்டும் காத்துக்கொள்ளும் அணை, மேலிருந்து வரும் ஆபத்தை அறியாவிட்டால் தப்பாது என்பதை அரை நூற்றாண்டு இடைவெளியில் இரு நகரங்கள் கண்டன. கடக்வாஸ்லா பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. அந்த விபத்துக்குச் சில மாதங்கள் கழித்து, 1962 ஏப்ரலில், நூறு வயதைக் கடந்த விஸ்வேஸ்வரய்யா பெங்களூரில் காலமானார். முத்தேனஹள்ளியில் அவருக்கு நினைவிடம் அமைந்துள்ளது.

இன்றும் முடியாத கணக்கு:

காவிரிப் பிரச்னையில் நடுவர் மன்றம் 2007-ல் இறுதித் தீர்ப்பை அளித்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழகத்துக்கான அளவை 177.25 டி.எம்.சி. என நிர்ணயித்தது. அதே ஆண்டு அமைக்கப்பட்ட காவிரி நீர் மேலாண்மை ஆணையம், கிருஷ்ணராஜசாகர், ஹேமாவதி, ஹாரங்கி, கபினி, பாணாசுரசாகர், மேட்டூர், பவானிசாகர், அமராவதி ஆகிய எட்டு அணைகளின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பெற்றது. மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் நீரே பங்கீட்டின் ஆதாரம். மேலணையில் நின்ற அளவுகோல் எல்லைக்கு நகர்ந்திருக்கிறது. அளவைப் பற்றிச் சச்சரவு இருக்கலாம், அளக்காமல் தீர்வு இல்லை என்ற நிலை மாறவில்லை.

ஹைதராபாதில் வேறுவிதமான சோதனை. கிருஷ்ணா, கோதாவரி நீர் நகருக்கு வரத் தொடங்கிய பின் பழைய ஏரிகளின் அருமை மங்கத் தொடங்கியது. இரு ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை பெருங்கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தி 1996-ல் அரசாணை 111 பிறப்பிக்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கத் தெலங்கானா அரசு 2022-ல் ஆணை வெளியிட்டது சர்ச்சைக்குள்ளானது. அதற்கு முன்பே, 2020 அக்டோபரில் பெருமழை பெய்தபோது ஹிமாயத்சாகரின் மதகுகள் பத்தாண்டுக்குப் பின் திறக்கப்பட்டன. மூசிக் கரைவாசிகள் அந்த இரவில் மேடான இடங்களுக்கு ஓடினர். நூறாண்டுக்கு முன்பு ஏரிகளின் கரைகளில் நடந்து அவர் எழுதிய எச்சரிக்கை காலாவதியாகவில்லை என்பது அப்போது புரிந்தது.

வியாழக்கிழமைதோறும் வெளியாகும் அட்டவணையில் விஸ்வேஸ்வரய்யாவின் பெயர் எங்கும் இல்லை. முழு நீர்மட்டம், இன்றைய நீர்மட்டம் என்ற இரு கட்டங்கள் மட்டுமே இருக்கின்றன. அவை இரண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடம் சில நாள்களில் வெள்ளத்துக்கான இடம், சில நாள்களில் குடிநீருக்கான கவலை. எது எப்போது என்று முன்கூட்டியே அறிவதற்காகத்தான் அவர் தம் நீண்ட ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.